ஆறு சோழி, ஏழு வீடு

"அம்மனுக்கு எம்மேல அப்படி என்ன கோவம், சாமி?"

கேட்டுவிட்டுச் சடைச்சி மண்வெட்டியைக் குகை வாசல் பாறையில் சாத்தினாள். சாத்தினாள் என்ன, எறிந்தாள்.

தாண்டவர் கண்ணைத் திறந்தார். சாமியார் என்றதும் தாடி வைத்த கிழவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். சடைச்சியைவிடப் பத்து வயது இளையவர். ஐம்பதைத் தாண்டிய அவள்தான் சிஷ்யை.

"என்ன ஆச்சு ஆத்தா?"

"நாளைக்குச் சோழி போடுறாங்க."

ஊரில் ஏழு வீடு, ஒரே ஏரி. முதல் மடை யாருக்கு என்று வருஷா வருஷம் அம்மன்தான் சொல்வாள். பூசாரி மாரப்பன் ஆறு சோழியை உருட்டுவார். எத்தனை மல்லாந்து விழுகிறதோ, அந்த எண்ணுக்குரிய வீட்டுக்கு முதல் தண்ணீர். ஒன்றுகூட மல்லாந்து விழாவிட்டால் அதற்கும் ஒரு வீடு உண்டு. எண்கள் பாட்டன் காலத்தில் பிரித்தவை. பூசாரி வீட்டுக்கு மூன்று. சடைச்சி வீட்டுக்கு ஆறு.

மூன்று அடிக்கடி விழும். ஆறு விழுந்து சடைச்சி பார்த்ததில்லை, அவள் மாமியாரும் பார்த்ததில்லை. பாவம் செய்த வீடு என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். இந்த வருஷம் ஏரியில் கிடப்பதோ ஒரு வயல் நனையத்தான் காணும். அவளுடைய நெல் கதிர் விடும் நேரத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

"பொங்கல் வெச்சேன். முடி இறக்கினேன். சேவல் அறுத்தேன். இன்னும் என்னத்தை அறுக்க? எம்புருசன் பாவிங்கிற பேரோடவே செத்தாரு, சாமி."

தாண்டவர் குகைக்குள் போனார். பல்லாங்குழிப் பலகை, புளியங்கொட்டை, ஆறு சோழி எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார்.

சடைச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வயலு காயுது. விளையாடக் கூப்பிடுறீங்களே!"

"ஒரு வரிசைக்கு ஏழு குழி. குழிக்கு ஒரு வீடு. சோழி எப்படியெல்லாம் விழலாமோ, அத்தனைக்கும் ஒவ்வொரு கொட்டை போடு."

"இதென்ன பிரமாதம்?"

குழிக்கு ஒன்றாக ஏழு கொட்டை போட்டாள்.

"எல்லாம் சமம். அப்ப அம்மன்தான் ஓரவஞ்சனை பண்றா."

தாண்டவர் சோழிகளைக் கையில் எடுத்தார். ஒரு சோழியில் மஞ்சள் தடவினார். ஒன்றில் கரி, ஒன்றில் குங்குமம், ஒன்றில் திருநீறு, ஒன்றில் பச்சிலைச் சாறு. ஒன்றைச் சும்மா விட்டார்.

"ஒண்ணு மட்டும் மல்லாந்து கிடக்கு. எது?"

"மஞ்சளு." சொன்னவள் நிறுத்தினாள். "கரியாவும் இருக்கலாம். எதுவா வேணா இருக்கலாம்."

அந்தக் குழிக்கு ஆறு கொட்டை ஆயிற்று.

இரண்டுக்கு ஜோடி சேர்த்தாள். மஞ்சளும் கரியும், மஞ்சளும் குங்குமமும் என்று போய்ப் பதினைந்தில் நின்றது. மூன்றுக்கு இருபது. குழி நிரம்பிக் கொட்டை குவிந்துவிட்டது. நான்கில் மறுபடி பதினைந்து, ஐந்தில் ஆறு.

கடைசிக் குழி அவளுடையது. ஆறும் மல்லாந்து கிடக்க வேறு வழி இருக்கிறதா என்று சோழிகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒரே வழிதான். ஒரே கொட்டை.

"இன்னும் நாலு சோழி சேர்த்தா?" என்றாள் வீம்பாக.

"நடு இன்னும் பெருக்கும். ஓரம் அப்பவும் ஒண்ணுதான்."

"நூறு சேர்த்தா?"

தாண்டவர் கரித்துண்டை எடுத்துப் பாறையில் ஒரு கோடு இழுத்தார். கோடு தரையோடு தவழ்ந்து, மெல்ல எழும்பி, நடுவில் முதுகு வளைந்து, அதே போல இறங்கியது. தரையில் இறக்கி வைத்த கோயில் மணி மாதிரி இருந்தது.

"படிப்படியா ஏறி இறங்குற குவியலெல்லாம் மழுங்கி இப்படி ஆயிடும்."

சடைச்சி கோட்டின் ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே கோட்டுக்கும் தரைக்கும் இடைவெளியே தெரியவில்லை.

"இங்கதான் நானா, சாமி?"

"நீ இல்ல. உன் எண்ணு."

சடைச்சி எழுந்தாள். கும்பிடக்கூட மறந்து மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

மறுநாள் காலை கோயிலில் ஊரே கூடியிருந்தது. மாரப்பன் சோழியை எடுத்தார். சடைச்சி முன்னால் வந்து நின்றாள்.

"பூசாரியண்ணே, அம்மனுக்கு உங்க வீட்டு மேல பிரியம்னு சொல்வீங்கல்ல?"

"ஊருக்கே தெரியும்."

"எங்க வீட்டைக் கண்டா ஆகாது."

"அதை நானா சொன்னேன்? அவ சொன்னா."

"சரி. பிரியம் வீட்டு மேலதானே? எண்ணு மேல இல்லையே? இந்த ஒரு வருசம் மாத்திக்குவோம். ஆறு உங்களுக்கு. மூணு எனக்கு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"பாட்டன் வெச்ச எண்ணு. மாத்துறதாவது!"

"பாட்டன் பெரியவரா, அம்மன் பெரியவளா? உங்க வீடுன்னா ஆறையும் மல்லாத்திப் போட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

மாரப்பன் சோழியைக் குலுக்கினார். குலுக்கிக்கொண்டே இருந்தார்.

"அம்மன் பாத்துக்கிட்டுதான் இருக்கா. போடுங்கண்ணே."

குலுக்கிய கை நின்றது. விரல்கள் இறுகின. ஊர் முழுக்க அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் போடவில்லை.