ஒரே ஒரு கோல்

உக்ரைனில் ஆற்றோரம் ஒரு கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. அதன் ஆதரவில் ஒரு கால்பந்துக் குழுவும் இருந்தது. விடியற்காலையில் பனி இறங்கினால், ஆட்டக்காரர்கள் மேகத்துக்குள் ஓடுவதுபோல் தெரியும். அவர்களுடைய சட்டைகளை முப்பது வருஷமாகத் துவைத்தவள் ஒடார்க்கா. கொடியில் காயும் சட்டைகள் காற்றில் தாமாகவே பந்தாடுவதாக அவளுக்குத் தோன்றும்.

வெளியூரிலிருந்து தொழிற்சாலைக்குப் புதிதாக வந்த டைரக்டர் ஹ்னாத் மைதானத்தை விற்றுவிட நினைத்தார். குழுவில் முன்பு ஆடியவர் கையெழுத்திட்டால்தான் விற்கலாம் என்பது விதி. குழுவின் பழைய கதையெல்லாம் தெரிந்தவள் என்று டைரக்டர் ஒடார்க்காவைக் கூப்பிட்டார்.

"குழுவின் வரலாற்றை எழுது. அறுபத்தெட்டாம் வருஷத்துக் கோப்பை ஆட்டத்தில் நான் ஆடியதாக அதில் இருக்கணும். இல்லையென்றால் உனக்கு வேலை கிடையாது."

"சரி ஐயா. அன்றைக்கு விழுந்தது ஒரே ஒரு கோல். அதை அடித்தது யாரென்று எழுதட்டும்?"

டைரக்டரின் முகம் மலர்ந்தது. "நான்தான் என்று எழுது!"

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடியது. ஒடார்க்கா நிதானமாக வாசித்தாள். "அந்த ஒரே கோலை அடித்தவர், நம் டைரக்டர்."

அவர் எழுந்து வணங்கினார். ஒருவரும் கைதட்டவில்லை.

"அன்றைக்கு நாம் தோற்றோமே, ஐயா," என்றாள் ஒடார்க்கா மெதுவாக.

அன்றைய கோல்கீப்பரின் விதவை எழுந்தாள். "அந்தக் கோலுக்காக என் புருஷன் சாகும்வரை தலைகுனிந்து நடந்தார். சொந்த வலைக்குள் அடித்தது நீர்தானா?"

கூட்டம் நெருங்கியது. "ஐயோ, நான் ஆடவே இல்லை! பந்தைத் தொட்டதுகூட இல்லை!" என்று அலறினார் டைரக்டர்.

"அப்படியே எழுதிக்கொள்கிறேன், ஐயா."

பிறகு தொழிற்சாலை மூடியது, குழுவும் கலைந்தது. மைதானம் மட்டும் ஊருக்கே நின்றது.