நடுக்கடல் சில்லு

நிலங்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே குடும்பமாகக் கிடந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் குடும்பத்தில் கிழக்கே அக்கா நிலம், மேற்கே அண்ணன் நிலம். இருவருக்கும் நடுவில் இடுங்கிக் கிடந்தது சில்லு என்கிற சின்னக் கருங்கல் துண்டு. ஆள்தான் சிறிசு, வாய் ஓயாது. மழை ஏன் மேலிருந்தே வருகிறது, போன ஆறு ஏன் திரும்புவதில்லை என்று அது கேட்டுக் கேட்டு இரண்டு பேருக்கும் காது புளித்துப் போயிருந்தது.

ஒரு நாள் தரையில் விரிசல் விழுந்தது. ஒரு நாள் என்றால் நம் கணக்கில் பத்து லட்சம் வருஷம். நிலங்களுக்கு அவ்வளவு நிதானம்.

"சேர்ந்திருந்தது போதும்பா. நான் வடக்கே கிளம்புறேன்," என்றது அக்கா. "சில்லு, நீ என்னோட வந்துடு."

"அதெப்படி? அவன் என் பக்கத்து ஆளு," என்றது அண்ணன். "டேய், இங்க வா."

சில்லுவோ விரிசலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அடியில் செக்கச்செவேலென்று ஏதோ புரண்டது. "ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்க. அது என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

அடியில் இருந்தது கனல்.

"எங்க குடும்பத்தை எதுக்குப் பிரிக்கிறே?" என்று கேட்டது சில்லு.

"நான் எங்கடா பிரிச்சேன்? புழுக்கம் தாங்காம புரண்டு படுத்தேன். நான் புரண்டா மேல இருக்கிறவங்க நகரத்தான் செய்வாங்க. இதுக்கு முந்தியும் எத்தனையோ தடவை பிரிஞ்சாங்க, சேர்ந்தாங்க."

"அப்போ மறுபடியும் சேருவாங்களா?"

"சேருவாங்க. எந்தப் பக்கம் புரளுறேங்கிறதைப் பொறுத்தது."

"எந்தப் பக்கம் புரளுவே?"

"தூக்கத்துல புரளுறவனைக் கேக்குற கேள்வியாடா இது?"

இதை உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்று சில்லு நிமிர்ந்து பார்த்தது. அக்காவும் இல்லை, அண்ணனும் இல்லை. நாலு பக்கமும் கடல்.

அதன் பிறகு சில்லுவுக்கு ஒரே கேள்விதான். நான் யாரைச் சேர்ந்தவன்? கடலிடம் கேட்டுப் பார்த்தது. கடலுக்கு அரிக்கத்தான் தெரியும், பதில் சொல்லத் தெரியாது. விளிம்பு தேயத் தேய, தெரிந்துகொள்ளாமலே கரைந்து போய்விடுவோமோ என்று அதற்குப் பயமாக இருந்தது.

கோடிக்கணக்கான வருஷம் கழித்து, ஓர் ஆலாப் பறவை சிறகு ஓய்ந்து அதன்மேல் வந்து இறங்கியது.

"வடக்கேருந்தா வர்றீங்க? எங்க அக்காவைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். போன வேகத்துல அங்க இருந்த நிலத்துமேல முட்டி, நெத்தி மலையாப் புடைச்சு நிக்குது. இன்னும் முட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"என்னை விசாரிச்சாங்களா?"

ஆலாவுக்குப் பொய் சொல்ல வராது. "இல்ல. ஆனா அவங்க மேற்குப் பக்கம் உன்னை மாதிரியே பாறை இருக்கு."

"அப்போ நான் அக்காவோட ஆளு."

"உங்க அண்ணன் கரையிலயும் அதே பாறைதான்."

சில்லுவின் முகம் விழுந்துவிட்டது. தேற்றுவதற்கு ஆலாவுக்கு நேரமில்லை. வயிற்றில் முட்டை. "கடல்ல கால் வைக்க இடமில்லாம தவிச்சுப் போயிட்டேன். கொஞ்ச நாள் ஆடாம இரு," என்று ஒரு குழியில் உட்கார்ந்தது. குஞ்சு பொரிந்தது, பறக்கப் பழகியது. பிறகு இரண்டும் கிளம்பிப் போயின. விட்டுப்போனவர்களின் வரிசையில் சில்லு அவற்றையும் சேர்த்துக்கொண்டது.

நாலாம் வருஷம் ஓர் ஆலா வந்து, நேராக அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. பார்த்தால், அன்றைய குஞ்சு.

"வழியில எவ்வளவு பெரிய நிலமெல்லாம் இருந்திருக்கும். அதையெல்லாம் விட்டுட்டு இங்க எதுக்கு வந்தே?" என்று கேட்டது சில்லு.

ஆலாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "முட்டை வைக்கணும். பொறந்த ஊருக்கு வராம வேற எங்க போறது?"

சில்லு அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆடாமல் இருந்தது.