ஒரு ஸ்பூன் தூரம்

“வார்த்தை எதுக்கு மாம்சமாகணும், ஐயா? வானத்துல இருந்து சொன்னா போதாதா?”

கிருபாவதி இப்படிக் கேட்டபோது, உபதேசியார் ஆலயத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளைவிட வயதில் இளையவர். கடவுளின் வார்த்தை மனித உடலெடுத்து வந்ததைப் பற்றித்தான் அன்று காலை பிரசங்கம் செய்திருந்தார்.

அவர் வாய் திறப்பதற்குள் அவளே, அது கிடக்கட்டும், என் தங்கை செத்துப்போவாள் போலிருக்கிறது என்றாள்.

தங்கை ரூபிக்குப் பிறந்ததிலிருந்தே கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. நாற்பது வருடம் அம்மாதான் சோறு ஊட்டினாள். அம்மாவை அடக்கம் செய்து ஐந்து நாள் ஆகிறது. எது கொடுத்தாலும் ரூபி துப்புகிறாள். நேற்றிலிருந்து தண்ணீர்கூட இறங்கவில்லை.

“அம்மா போயிட்டா, நான் இருக்கேன்னு அவ காதுல கத்துறேன். என் தொண்டை கட்டினதுதான் மிச்சம்.”

“கேக்காத காதுலயா, அக்கா?”

“வேற எங்க போய்ச் சொல்ல?”

உபதேசியார் பாயைக் கீழே போட்டுவிட்டு அவளோடு நடந்தார்.

ரூபி மூலையில் சுவரைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தாள். கிருபாவதி நீளமான ஸ்பூனில் கஞ்சியை எடுத்து, தள்ளி நின்று நீட்டினாள். ஸ்பூன் பல்லில் பட்டதும் ரூபி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அம்மா எப்படிக் கொடுப்பாள் என்று உபதேசியார் கேட்டார். கையால் பிசைந்து ஊட்டுவாள் என்றாள்.

“நீங்க?”

“கடிப்பா, ஐயா. அடக்கத்துக்கு முன்னால அம்மாவைக் குளிப்பாட்டுறப்போதான் பாத்தேன். விரலெல்லாம் தழும்பு. ஒரு நாளும் சொன்னதில்ல.”

அவர் ஸ்பூனை வாங்கி, கஞ்சியோடு தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

“உங்களுக்கென்ன. பிரசங்கம் பண்ணிட்டுப் போயிருவீங்க.”



கிருபாவதி வெகுநேரம் நின்றாள். பிறகு கையைக் கழுவினாள். சோற்றைப் பிசைந்தாள். தங்கையின் எதிரே உட்கார்ந்து, விரல்களை அந்த வாய்க்குள் வைத்தாள்.

ரூபி கடித்தாள்.

கிருபாவதி கத்தவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

பற்கள் இறுகின. இறுகியபடியே நின்றன. பிறகு மெல்லத் தளர்ந்தன. ரூபியின் நாக்கு ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தது.

தழும்பு இல்லாத விரல்கள்.

ரூபி அழுதாள். அந்த ஐந்து நாளில் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே, ரத்தம் கலந்த சோற்றை விழுங்கினாள்.

“அக்கா, ஆலயத்துல என்னமோ கேட்டீங்களே” என்றார் வாசற்படியில் இருந்தவர்.

கிருபாவதி அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.