அம்பலவாணருக்கு அடுத்த ஆள்

"எனக்கப்புறம் யாரு? அதை மட்டும் சொல்லுங்கம்மா" என்று கேட்டார் பிரதமர் அம்பலவாணர்.

மலை ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. எழுபத்து நாலு வயது. உட்காரக்கூட இல்லை, அதற்குள் கேள்வி.

வெள்ளியம்மை பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பிரதமரைவிட இருபது வயது சின்னவர். மலைமேல் மடம் மாதிரி ஒன்றை நடத்திவந்தார். யார் வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், ஆனால் வேலை செய்ய வேண்டும். உபதேசம் எதுவும் கிடையாது. இருந்தாலும் நாட்டின் பெரிய தலைகள் சிக்கலில் மாட்டினால் அவரைத் தேடித்தான் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள்.

"உக்காருங்கய்யா. கட்சியில கேக்கலையா?"

"கேட்டேன். முழு அதிகாரமும் எனக்கேன்னு தீர்மானம் போட்டுட்டாங்க."

பொய்யில்லை. அந்தக் கட்சியின் பொதுக்குழுவில் பதினெட்டு வருஷமாக நிறைவேறிவந்தது அந்த ஒரே தீர்மானம்தான். எது வந்தாலும் ஆயிரத்து இருநூறு பேர் கூடுவார்கள். பிரியாணி சாப்பிடுவார்கள். முடிவெடுக்கும் அதிகாரத்தைத் தலைவர் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து நின்று கைதட்டிவிட்டு, சாயங்கால ரயிலைப் பிடித்துவிடுவார்கள். இந்தப் பதவிக்காலத்தோடு போதும், நான் ஒதுங்குகிறேன் என்று தலைவர் சொன்னபோது நிறைய பேர் அழுதார்கள். அழுது முடித்ததும், அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடி பொதுக்குழு. அன்று பெயரை அறிவிக்க வேண்டும். இன்று திங்கள்.

"மூணு பேர் இருக்காங்க" என்றார் அம்பலவாணர். "பொன்னரசி கெட்டிக்காரி, ஆனா பொறுமை கிடையாது. தேவசகாயம்னா ஜனங்களுக்கு உசுரு, ஆனா யாருக்கும் முடியாதுன்னு சொல்ல வராது. கணியன் மாடா உழைப்பான், மேடையில நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசமாட்டான்."

"எத்தனை வருஷமாத் தெரியும்?"

"இருபது வருஷம். நான் வளத்த ஆளுங்க."

வெள்ளியம்மை அடுத்த பூசணித் துண்டை எடுத்தார்.

"எல்லையில சண்டை நின்னு ஆறு வருஷந்தாம்மா ஆகுது. தப்பான கைக்குப் போச்சுன்னா எல்லாம் பாழாப் போயிரும். எனக்குத் தூக்கமே வரல."

அந்தப் பயம் நடிப்பில்லை. நாட்டின்மேல் அவருக்கு நிஜமாகவே பாசம் இருந்தது.

வெள்ளியம்மை பூசணிக்காயை முடித்தார். கத்தியைத் துடைத்தார். சுவரில் தொங்கிய நீளமான இரும்புக் கரண்டியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இன்னைக்குச் சமையல் நீங்க. நாப்பது பேருக்கு."

மடத்து வழக்கம் அது. சமையலுக்கென்று தனி ஆள் கிடையாது. இன்று கரண்டி பிடித்தவர், நாளைக்கு யார் என்று சொல்லி, கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். மடத்தில் இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

வேறு பிரதமராக இருந்தால் கோபித்துக்கொண்டு இறங்கியிருப்பார். அம்பலவாணருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இளமையில் மூன்று வருஷம் சிறையில் இருந்தவர். அங்கே அவர் வைத்த புளிக்குழம்பின் பெருமையை, ஒரு சொட்டுகூட நாக்கில் படாதவர்கள் எல்லாம் இன்றைக்கும் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அன்று குழம்பு நன்றாகத்தான் இருந்தது. நாற்பது பேரும் சாப்பிட்டார்கள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தார்கள், அவரவர் வேலைக்குப் போனார்கள். யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது.

"நாளைக்கு யாரு?" என்று கேட்டார் வெள்ளியம்மை.

அம்பலவாணர் யோசித்துத்தான் வைத்திருந்தார். காய் நறுக்கிக் கொடுத்த செங்கமலத்தைக் காட்டினார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே செய்தார், எதிர்த்து ஒரு கேள்வி கேட்கவில்லை.

"இந்தம்மாதான் சரி" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் செங்கமலம் அடுப்பைப் பற்றவைத்தார். அம்பலவாணர் வாசலோடு நின்றுகொண்டார். உள்ளே போனால்தானே சட்டத்தை மீறுவது?

"வெந்தயம் கருகுது பாரும்மா."

செங்கமலம் வாணலியை இறக்கினார்.

"புளி இன்னும் கொஞ்சம் கரைச்சு விடு."

விட்டார்.

"உப்பை இப்பவே போடாதே. கொதி வரட்டும்."

கொஞ்ச நேரத்தில் செங்கமலம் எதைத் தொட்டாலும் முதலில் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினால்தான் கை நகர்ந்தது. அப்படி ஒரு தடவை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த அடுப்பில் சோறு அடிப்பிடித்தது. இருவரும் கவனிக்கவில்லை. வாடை முற்றத்துக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

நாற்பது பேரும் தீய்ந்த சோற்றைச் சாப்பிட்டார்கள். அன்றைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"தப்பான ஆளைச் சொல்லிட்டேம்மா" என்றார் அம்பலவாணர்.

"அப்படியா?"

"சொன்னதைச் செய்றாங்க. சுயபுத்தி இல்ல."

"சரி. நாளைக்கு யாரு?"

அன்று கரண்டி பிடித்த செங்கமலம் அதற்கும் அம்பலவாணர் முகத்தையே பார்த்தார். இந்த முறை அவர் மாசிலாமணியைச் சொன்னார். கல்யாண வீடுகளில் ஐநூறு அறுநூறு பேருக்குச் சமைத்த ஆள். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கைப்பக்குவம் தெரிந்தவர். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்தால் கவலையில்லை என்று அம்பலவாணர் நினைத்தார்.

புதன்கிழமை மாசிலாமணி அடுப்பைப் பற்றவைத்தார். அம்பலவாணர் அதே வாசலில் நின்றார்.

"மாசிலாமணி, வெங்காயம் பொடிசா இருக்கணும்."

"இது பொரியலுக்குங்கய்யா."

"பொரியலுக்கும் பொடிசாத்தான் நல்லாருக்கும்."

மாசிலாமணி முன்போலவே பெரிசாக நறுக்கினார்.

"எண்ணெய் காயவே இல்லையே, அதுக்குள்ள கடுகு போடுறியே."

"காஞ்சிருச்சுங்கய்யா."

"எனக்குத் தெரியாதா? ஜெயில்ல முந்நூறு பேருக்கு..."

மாசிலாமணி கரண்டியை அடுப்பு மேடைமேல் வைத்தார். சத்தம் வராமல், மெதுவாகத்தான் வைத்தார்.

"அப்ப நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்பலவாணர் உள்ளே போனார். கரண்டியை எடுத்தார். அரைகுறையாகக் கிடந்த சமையலை முக்கால் மணி நேரத்தில் முடித்து இறக்கினார். வேர்த்து ஊற்றியது, இடுப்பு வலித்தது. ஆனாலும் பரிமாறும்போது நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் வெள்ளியம்மையிடம். "அடங்கின ஆளைப் போட்டா சோறு தீயுது. தெரிஞ்ச ஆளைப் போட்டா தூக்கிப் போட்டுட்டுப் போயிடுறான். இதேதாம்மா அங்கயும். கடைசியில நானேதான் வந்து நிக்க வேண்டியிருக்கு."

"குழம்பு நல்லாருக்கு" என்றார் வெள்ளியம்மை.

மூன்று நாளில் கிடைத்த முதல் பாராட்டு. ஏனோ அவரால் அதை ரசிக்க முடியவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் அம்பலவாணர் கரண்டியோடு வந்து நின்றார்.

"இன்னைக்கு யாருகிட்டம்மா கொடுக்கிறது? நாளைக்குப் பொதுக்குழு. நீங்க இன்னும் எனக்கு ஒண்ணுமே சொல்லல."

வெள்ளியம்மை கரண்டியை வாங்கினார். அதைச் சமையலறை வாசற்படியில் வைத்தார்.

"போர்வையெல்லாம் அழுக்கா இருக்கு. வாங்க, சுனைக்குப் போயிட்டு வரலாம்."

"கரண்டி?"

"அங்கேயே இருக்கட்டும்."

"அப்ப யாரு சமைக்கிறது?"

"தெரியலையேய்யா" என்றபடி வெள்ளியம்மை அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

சுனை மலையின் அந்தப் பக்கம் இருந்தது. நடுவே பெரிய பாறை. அங்கிருந்து மடம் தெரியாது, சமையலறைப் புகை தெரியாது, வாடையும் வராது.

அம்பலவாணர் ஒரு போர்வையை நனைத்தார். எழுந்தார். உட்கார்ந்தார்.

"அடுப்பாவது மூட்டினாங்களான்னு பாத்துட்டு வந்துடட்டுமா?"

"வேண்டாம்."

இன்னொரு போர்வையை நனைத்தார்.

"நாப்பது பேரு பட்டினி கிடந்தா?"

வெள்ளியம்மை போர்வைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"நேத்து மாசிலாமணி கரண்டியை வச்சுட்டுப் போனாரே, அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"கோவமா வந்துச்சு."

வெள்ளியம்மை தலையசைத்தார். போர்வையை அலசினார். அடுத்ததை எடுத்தார்.

அம்பலவாணர் எத்தனையோ மேடைகளில் எவ்வளவோ சொன்னவர். கேள்விக்குப் பிடிகொடுக்காமல் பேசுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்வார்கள். இங்கே மறுகேள்வி கேட்க யாரும் இல்லை. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதையே வெகு நேரம் பார்த்தபடி இருந்தார்.

"சந்தோஷமா இருந்துச்சு" என்றார் கடைசியில்.

சொன்னதும் வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுபத்து நாலு வயதில், முழங்கால் வரை சோப்பு நுரையோடு, சின்னப் பையன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"செங்கமலம் சோத்தைத் தீய விட்டப்பவும் அப்படித்தான்" என்றார். "வெளியிலதான் வருத்தப்பட்டேன்."

வெள்ளியம்மை போர்வையை அலசிக்கொண்டே இருந்தார்.

"அந்த மூணு பேர்ல யாரைச் சொன்னாலும் வாசல்ல போய் நின்னுக்குவேன்மா. எப்பத் தீயும்னு பாத்துக்கிட்டு நிப்பேன்."

அவர் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளாகச் சுமந்துகொண்டிருந்த பயம் நாட்டைப் பற்றியது மட்டுமில்லை என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

வெள்ளியம்மை ஈரப் போர்வையின் ஒரு முனையை அவரிடம் நீட்டினார்.

"இதைப் பிடிங்கய்யா. தனியாப் பிழிய முடியாது."

இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். தண்ணீர் கொட்டியது.

அவர்கள் திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது.

மோர்க்குழம்பு. அம்பலவாணர் வாழ்நாளில் அதை வைத்ததே இல்லை. வெண்டைக்காய் ஒன்று பெரிசும் ஒன்று சிறிசுமாகக் கிடந்தது. உப்பு ஒரு கல் குறைவு. அவர் வாயைத் திறந்தார், பிறகு அதில் சோற்றை வைத்து அடைத்துக்கொண்டார்.

இரண்டாவது வாய் அவ்வளவு மோசமில்லை.

வரிசையைப் பார்த்தார். செங்கமலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாசிலாமணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது பேரும் திங்கட்கிழமை சாப்பிட்ட மாதிரியே சாப்பிட்டார்கள்.

"யாரு சமைச்சதாம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தெரியல. விசாரிச்சுச் சொல்லட்டுமா?"

அம்பலவாணர் சோற்றைப் பிசைந்தார். கேட்கத்தான் ஆசை.

"வேண்டாம்மா. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொல்லுங்க."

சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவினார். வெள்ளியம்மையைக் கும்பிட்டார். எந்தப் பெயரையும் கேட்கவில்லை.

மலையடிவாரத்தில் கார்கள் நின்றன. செயலாளர் வில்வநாதன் ஓடி வந்தார். நாலு நாளாக அங்கேயே காத்துக் கிடந்தவர். கையில் நாளைய அறிக்கை அச்சடித்துத் தயாராக இருந்தது. பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"அம்மா யாரைச் சொன்னாங்கய்யா?"

அம்பலவாணர் பேனாவை வாங்கினார். காரின் மேல் தாளை வைத்து, காலியிடத்தை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினார். வில்வநாதன் எட்டிப் பார்த்தார். 'ரகசிய ஓட்டெடுப்பு நடக்கும்' என்று எழுதியிருந்தது.

வில்வநாதன் அதை இன்னொரு தடவை படித்தார்.

"அய்யா, நம்ம ஆளுங்களுக்கு ஓட்டுப் போட்டே பழக்கமில்லையே. உங்க முகத்தைப் பாத்துத்தானே கையைத் தூக்குவாங்க."

"நான் வரல."

"பொதுக்குழுவுக்கா?"

"ஊருக்கே வரல. முடிவு தெரிஞ்சப்புறம் வர்றேன். பெட்டி கட்டணும்ல."

"அவசரப்படாதீங்கய்யா. தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்துட்டாங்கன்னா?"

அம்பலவாணர் கார்க் கதவைத் திறந்தார். ஒரு காலை உள்ளே வைத்தவர் திரும்பினார்.

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னால கடைசியா ஓட்டுப் போட்டாங்களே, அன்னைக்கும் பாதிப் பேர் இதையேதான் கேட்டாங்க."

"யாரைப் பத்திங்கய்யா?"

"என்னைப் பத்தி."