நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பெயர்

மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் இரண்டே ஆசிரியைகள். மூத்தவர் தலைமையாசிரியை மரகதவல்லி. இளையவள் தெய்வானை, அவரிடமே எழுத்துக் கற்றவள். வேலைக்கு வந்த பிறகும் எந்தச் சந்தேகமானாலும் அவர் முன்னால்தான் போய் நிற்பாள்.

பள்ளிக்கு மேலிடத்திலிருந்து ஒரு டேப், அதாவது கையடக்கக் கணினி, வந்திருந்தது. அதிலுள்ள செயற்கை நுண்ணறிவு பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசிப் பழக்கும் என்றார்கள். அது ஒரே ஒரு மாணவர் பெயர்தான் கேட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு டேப் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள், நல்ல மனசுக்காரர்கள். இங்கே நாற்பது பிள்ளைகள். வரிசையில் முதலில் நின்றவள் அஞ்சுகம் என்பதால் அவள் பெயரைப் போட்டார்கள்.

சிக்னல் சத்துணவுக் கூடத்தின் பின்சுவரோரம் மட்டும்தான் கிடைக்கும். அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பிள்ளைகள் நிற்பார்கள். ஆளுக்கு ஒரு நிமிடம்.

பொங்கல் முடிந்ததும் அஞ்சுகம் அப்பா அம்மாவோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

ஒருநாள் தெய்வானை கேட்டாள்: "டீச்சர், அது ஏன் முதல் பாடத்தை விட்டு நகரவே மாட்டேங்குது?"

மரகதவல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்சுவரோரம் நின்றார்.

"ஹவ் ஆர் யூ, அஞ்சுகம்?" என்றது டேப்.

"ஐ ஆம் ஃபைன்," என்றான் வேடியப்பன்.

அடுத்து நின்றவள் தப்பாகச் சொன்னாள். அதற்கடுத்தவன் வாயே திறக்கவில்லை.

"உனக்கு இது தெரிந்திருந்ததே, அஞ்சுகம். பரவாயில்லை, முதலிலிருந்து தொடங்குவோம்," என்றது டேப்.

"நாப்பது பேரையும் ஒரே பிள்ளைன்னு நெனச்சுக்கிச்சா!" என்றாள் தெய்வானை.

"ஆமா."

"இன்னும் நாலு டேப் கேக்கலாமே, டீச்சர்?"

"கேட்டேன். மேலேர்ந்து ஆள் வந்தாங்க. இருக்கிற ஒண்ணு பத்திரமா இருக்கான்னு பார்த்துட்டுப் போனாங்க."

பவுனம்மாளின் முறை வந்தது. வகுப்பில் அஞ்சுகத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள்.

"ஹவ் ஆர் யூ, அஞ்சுகம்?"

அவள் யாரும் சொல்லித் தராததைத் தானே கோத்துச் சொன்னாள்: "அஞ்சுகம் நோ ஸ்கூல். அஞ்சுகம் செங்கல்."

"தவறு. 'ஐ ஆம் ஃபைன்' என்று சொல்."

"ஐ ஆம் ஃபைன்," என்று சொல்லிவிட்டுப் பவுனம்மாள் ஓடிப்போனாள்.

தெய்வானைக்குத் தாங்கவில்லை. டேப்பைக் கையில் எடுத்தாள்.

"அந்தப் பேரையாவது அழிச்சிடறேன், டீச்சர். என்னால கேட்க முடியல."

"அழிச்சிட்டு?"

"வேற பேர் போடலாம்."

"அப்பவும் நாப்பது பேரும் ஒரே பிள்ளைதான்."

தெய்வானையின் விரல் இன்னும் அந்தப் பெயரின் மேல் இருந்தது.

மரகதவல்லி கேட்டார்: "அவ போனதுலேர்ந்து, எப்படி இருக்கான்னு நீ ஒரு தடவையாவது விசாரிச்சியா?"

"இல்ல, டீச்சர்."

"நானும் விசாரிக்கல. மேலேர்ந்து வந்தவங்களும் கேக்கல. அஞ்சுகம், எப்படி இருக்கேன்னு தினமும் கேக்கறது இது ஒண்ணுதான். இதோட வாயையும் அடைச்சிடணுமா?"