புறாக்கள் பறந்த இடம்

"வெட்டின இடம் தெரியுதாம்மா?"

இளம்பரிதி மடிக்கணினியை வேதவல்லி அம்மாள் பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மறுபடியும் பார்த்தார்.

"தெரியலை. உன் தாடி நரைச்ச அளவுக்குக் கையும் தேறியிருக்கு."

பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நாளாகவே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மன்னர் போய் ராணுவம் வந்து, ராணுவம் போய் ஓட்டுப்பெட்டி வந்த நாடு அது. மூன்று காலத்திலும் படம் தொகுத்தவர் வேதவல்லி. அவரிடம் தொழில் கற்று, பிறகு இயக்குநரானவன் இளம்பரிதி.

அவனுடைய புதுப் படத்தில் ஒரு தாய் வருவாள். காணாமல் போன மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு காவல் நிலைய வாசலில் நிற்பாள். அந்தக் காட்சியை வெட்டச் சொன்னது தணிக்கைக் குழு. வெட்டாவிட்டால் படம் வெளியே வராது.

வெட்டினான். அந்த இடத்தில் புறாக்களைப் பறக்கவிட்டான். மேலே ஒரு புல்லாங்குழல்.

"எனக்கு வேற வழி இருந்ததாம்மா?"

வேதவல்லி புரொஜெக்டரில் ஒரு பழைய படச்சுருளை மாட்டினார்.

அரண்மனை வாசல். பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஒரு பெண். அவள் கையை உயர்த்தத் தொடங்கினாள். படம் வெடுக்கென்று துள்ளியது. மறுகணம் அவள் தரையில் கிடந்தாள்.

இளம்பரிதி சிரித்துவிட்டான். "யாரும்மா இவ்வளவு மோசமா ஒட்டினது?"

"நான்தான்."

அவன் சிரிப்பு நின்றது.

"மன்னர் ஆளுங்க அந்தக் கையை வெட்டச் சொன்னாங்க."

படம் ஓடியது. இன்னொரு துள்ளல்.

"இது தளபதி காலத்துல, மறுபடி திரையிட்டப்போ."

சற்றுத் தள்ளி இன்னொன்று.

"இது ஓட்டு வந்தப்புறம்."

"ஓட்டு வந்தப்புறமுமா?"

"என்னைக் கேக்கிறியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு மரமோ மேகமோ வச்சு மூடியிருக்கலாமேம்மா?"

"வெட்டச் சொன்னாங்க, வெட்டினேன். மூடச் சொல்லி யாரும் சொல்லலையே."

"கொட்டகையில ஜனங்க விசிலடிச்சிருப்பாங்களே?"

"நானும் அப்படித்தான் பயந்துகிட்டே போனேன். அந்தக் கையை வெட்டின இடம் வந்துது. படம் துள்ளிச்சு. ஒரு சத்தமில்லை. முன்னாடி தரையில உக்காந்திருந்த ஒருத்தி எழுந்தா. கையைத் தூக்கினா. பின்னால ஒருத்தர். அப்புறம் பெஞ்சுல இருந்தவங்க. திரையே மறைஞ்சு போச்சு."

வேதவல்லி புரொஜெக்டரை நிறுத்தினார்.

"சரி, உன் படத்துக்கு வருவோம். அந்தத் தாய் எந்த இடத்துல நின்னா?"

இளம்பரிதி சொல்ல வாயெடுத்தான். கண்ணுக்குள் புறாக்கள்தான் பறந்தன.



பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். முதலில் புல்லாங்குழலை நிறுத்தினான். அடுத்து, புறாக்களை எடுத்தான்.

படம் துள்ளியது.