தனியறையில் விழுந்தவர் யார்?

இந்தக் கதையைக் கேட்பவர்கள் முடிவில் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே யார், எதற்காக, என்ன பேசினார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே வாருங்கள்.

கடலோர ஊர் ஒன்றின் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் புதுக் கட்டடம் வரவிருந்தது. வரைபடம் முடிவாகும் முன், அங்கே தங்கிச் சிகிச்சை பெற்றவர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பெண்கள் வார்டில் கேட்டு வரும் பொறுப்பு பிலோமினாவுக்கு வந்தது. ஆறு வருஷத்துக்கு முன் அதே வார்டில் இரண்டு மாதம் கிடந்தவள். இப்போது பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. ஆண்கள் வார்டில் கேட்கும் பொறுப்பு ஆட்டோ ஓட்டும் சாகுல் ஹமீதுக்கு. அவரும் போன வருஷம் அங்கே இருந்து தேறி வந்தவர்தான்.

தாழ்ப்பாள் இல்லாத குளியலறை, காரணம் சொல்லாமல் மாற்றப்படும் மாத்திரை என்று பெண்கள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். கடைசியில் பேசியவர் உப்பளத்தில் வேலை செய்யும் முத்துராக்கு. ஐம்பது வயது. மறுபடியும் நோய் முற்றி, பத்து நாளாக வார்டில் இருந்தார்.

"போன வருஷம் இங்க கெடந்தப்ப, கத்துறேன்னு தனியறையில வச்சுப் பூட்டிட்டாவ. தண்ணி கேட்டுக் கதவத் தட்டித் தட்டிப் பாத்தேன். ஒருத்தரும் வரல. மயங்கி விழுந்ததுல கை ஒடிஞ்சுபோச்சு. மதியச் சோத்துக்குத்தான் தெறந்தாவ. குளியலறையில வழுக்கிட்டான்னு எழுதிட்டாவ."

பிலோமினா அதை எழுதிக்கொண்டாள்.

"புதுசா கட்டுற ரூமுல உள்ள ஒரு மணி வைக்கச் சொல்லு தாயி. கதவுல உள்ள பாக்க ஒரு கண்ணாடி. ஆனா எம் பேரு மட்டும் வெளிய வரக் கூடாது. நான் இன்னும் இவிய கையிலதான இருக்கேன்."

"வராதுக்கா. சத்தியமா."

மறுநாள் காலை கூட்டம் கூடியது. சாகுலும், பெண்கள் வார்டு நர்ஸும், குமாஸ்தாவும் வந்திருந்தார்கள். பிரிவின் தலைவர் டாக்டர் கோமதிநாயகம். கொடுமைக்காரர் அல்ல, அவசரத்தில் இருந்தார். வரைபடம் அன்று மாலைக்குள் போயாக வேண்டும். பிலோமினா வாசித்ததையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தவர், தனியறையில் விழுந்த செய்தியில் நிமிர்ந்தார்.

"அப்படி ஒரு சம்பவம் பதிவேட்டிலேயே கிடையாதே. யாருக்கு நடந்தது?"

"பேர் சொல்ல முடியாது டாக்டர்."

"பேர் இல்லாத புகாரை நான் எப்படி எழுதுவது?"

"புகார் இல்ல டாக்டர். ஒரு மணி வைக்கிறதுக்குப் பேர் எதுக்கு?"

"காரணமில்லாமல் வரைபடத்தை ஏன் மாற்றினாய் என்று மேலே கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். பேரைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த விஷயத்துக்குப் போகலாம்."

பிலோமினா கால்மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினாள். முத்துராக்கு முழுவதையும் கேட்டுவிட்டு, "வேண்டாம் தாயி" என்றார். அவ்வளவுதான். திரும்பி வந்த பிலோமினா, "அவங்க சம்மதிக்கல. நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

டாக்டரின் பேனா அந்த வரியை அடிக்கப் போனது.

"எனக்குத்தான் டாக்டர் நடந்துச்சு!" சாகுல் எழுந்து நின்றார். "ஆம்பளைங்க வார்டுல. போன வருஷம்."

பொய். மணி கிடைக்கட்டும் என்று சொன்ன பொய். ஆனால் டாக்டர் குமாஸ்தாவிடம் திரும்பினார். "அப்போது அங்கே டியூட்டி யார்? பால்துரைதானே? விளக்கம் கேட்டு மெமோ எழுதுங்கள்."

ஆண் நர்ஸ் பால்துரை அந்த நேரம், ஒன்றும் அறியாமல், ஆண்கள் வார்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். இப்படிப் போகும் என்று சாகுல் நினைக்கவே இல்லை.

அப்போது பெண்கள் வார்டு நர்ஸ் தவசிக்கனி எழுந்தார்.

"பால்துரைய எழுதாதீங்க சார். நடந்தது பொம்பளைங்க வார்டுல. பூட்டுனது நான். அன்னிக்கு நாப்பத்தி ரெண்டு பேருக்கு நான் ஒருத்தி, மறந்துட்டேன். குளியலறைன்னு எழுதுனதும் நான்தான்."

டாக்டர் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். குமாஸ்தா பக்கத்தைப் புரட்டி, அத்தனை பேர் முன்னிலையிலும் உரக்க வாசித்தார்: "முத்துராக்கு. குளியலறையில் வழுக்கியதில் வலது கை எலும்பு முறிவு."

வரைபடத்தில் மணியும் கண்ணாடியும் ஏறின. தவசிக்கனி மீது விசாரணை வந்தது. கூட்டம் கலைவதற்குள் பிலோமினா வார்டுக்குப் போய்விட்டாள். வேறு யார் வாயிலிருந்தும் முத்துராக்கு அதைக் கேட்கக் கூடாது.

"அக்கா, உங்க பேரு வெளிய வந்துட்டு."

முத்துராக்கு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மணியை இழந்தாலும் பரவாயில்லை என்று வாக்கைக் காத்தாள் பிலோமினா. மணிக்காகப் பொய் சொன்னார் சாகுல். உண்மையைச் சொன்னார் தவசிக்கனி, அதனால் ரகசியம் உடைந்தது. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பிலோமினா செய்ததே சரி. முத்துராக்கு தன் வேதனையை ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். நிபந்தனையை உதறிவிட்டு வேதனையை மட்டும் எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை. சாகுலின் நெஞ்சு நல்லது, ஆனால் அவர் பொய் குற்றமற்ற ஒருவர் தலையில் விழுந்தது. தவசிக்கனி தன் தவறைத்தான் சொன்னார், அது துணிவு. அதையே ஒரு வருஷத்துக்கு முன் டாக்டரிடம் தனியாகச் சொல்லியிருந்தால் மணி அன்றே வந்திருக்கும், பெயரும் சபைக்கு வந்திருக்காது. ஆனாலும் அவர் எழுந்திராவிட்டால் பழி பால்துரை தலையில் நின்றிருக்கும் என்பதை நான் மறைக்கவில்லை. பெரிய பிழை மூவருடையதும் அல்ல. உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க வந்த இடத்தில், நீ யார் என்று கேட்டாரே டாக்டர், அவருடையது.